மாமன் பார்க்கக் கூடாத பதினோரு நாள்

கிளிஞ்சல்மேட்டில் அமிர்தலிங்கத்தைப் பற்றி விசாரித்தால் நல்ல பையன் என்பார்கள். முப்பத்தைந்து வயசாகிவிட்டது, ஊருக்கு இன்னும் பையன்தான். விசேஷமாகச் சொல்ல அவனிடம் ஒன்றும் கிடையாது. நாலு பேராகப் போகும் ஃபைபர் படகில் இஞ்சின் அவன் பொறுப்பு. விடிகாலையில் கடல், பத்து மணிக்குக் கரை, சாயங்காலம் இஞ்சினைக் கழற்றித் துடைப்பது, இதுதான் அவன் நாள். திருவிழாவில் கூட மைக் பக்கம் போகாதவன். அப்பேர்ப்பட்டவன் போன ஆவணியில் ஒரு நாள் பச்சைப் பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தலையை மட்டும் வலது தோள் பக்கம் திருப்பிக்கொண்டு, முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் தெருவெல்லாம் இடறி இடறி ஓடினான் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு விஷயம் தெரியாது.

விஷயம் அவன் தங்கை இளவேனிலிடம் ஆரம்பிக்கிறது. சுனாமி வந்த அன்று அவனுக்குப் பதினைந்து, அவளுக்கு ஐந்து. அப்பா, அம்மா இரண்டு பேரும் ஒரே காலையில் போய்விட்டார்கள். அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர், இங்கே திரும்ப விரிக்க வேண்டாம். அதற்கப்புறம் அந்தப் பெண்ணுக்கு அவன்தான் எல்லாம். கோணல்மாணலாக ரெட்டைப் பின்னல் போட்டுவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, பி.காம். வரைக்கும் படிக்க வைத்தான். நடுவில் தானும் சந்திராவைக் கட்டிக்கொண்டான். ஒன்பது வருஷமாகக் குழந்தை இல்லை. அந்த ஆவணிக்கு முந்தின வருஷம் மண்டபத்தூரில் நல்ல குடும்பமாகப் பார்த்து இளவேனிலைக் கட்டிக் கொடுத்தான். மாப்பிள்ளை அஷ்வின் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீரில்தான்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே பார்க்க வேண்டும். அவளுக்குத் தாய்வீடு என்றால் அண்ணன் வீடு. ஒரு கூடம், திரை போட்ட ஓர் உள்ரூம், அதைத் தாண்டி அடுப்படி, அவ்வளவுதான் வீடு. அந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் என்று ஒருத்தியும் கிடையாது. பச்சைப் பிள்ளை எப்படி அழும், எப்படித் தூங்கும், எது சரி, எது கோளாறு என்று சொல்ல ஆள் இல்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் எதிர்வீட்டுப் பவுனம்மாள் வந்து சேர்ந்தாள்.

பவுனம்மாளைக் கெட்டவள் என்று சொல்ல முடியாது. வாய்தான் கொஞ்சம் நீளம். நாலு பிள்ளை பெற்றவள் என்பதால் தெருவில் அவள் சொன்னால் சொன்னதுதான். நாலையும் வளர்த்தது அவள் மாமியார் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பிரசவத்துக்கும் இருபதாம் நாளே மீன்கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டவள் அவள். பிள்ளைகள் அழுகிற நேரத்தில் அவள் காரைக்கால் தெருக்களில் மத்தி விற்றுக்கொண்டிருந்தாள்.

பிரசவம் காரைக்கால் ஆஸ்பத்திரியில் ஆனது. சுகப்பிரசவம், பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. கழுத்தில் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. டாக்டரம்மா அதை எடுத்துவிட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார், அவருக்கு அது தினமும் பார்க்கிற சமாசாரம். சந்திராவின் வாய் சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் பவுனம்மாளுக்குப் போன் போட்டு, கொடியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த இளவேனில் எல்லாவற்றையும் கேட்டாள்.

"கொடி சுத்தியா பொறந்துச்சு? ஐயையோ சந்திரா, அது தாய்மாமனுக்கு ஆகாதுடி. அவன் கண்ணால நேரா பாத்துடவே கூடாது. பதினோராம் நாள் தீட்டு கழிச்சு, வெங்கலக் கிண்ணத்துல எண்ணெய ஊத்தி, மொதல்ல அந்த எண்ணெய்லதான் மொகத்தப் பாக்கணும். அப்புறம் நேரா பாத்துக்கலாம். அதுக்கு முன்னாடி பாத்துட்டா எண்ணெயும் வேலைக்காவாது."

அந்த நேரம் பார்த்து அமிர்தலிங்கம் ஒரு ஃபிளாஸ்க் நிறைய காபியோடு வார்டு வாசலுக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

"உள்ள வராதண்ணே" என்று இளவேனில் கத்தினாள். பிரசவ வலியில் கூட அவள் அப்படிக் கத்தவில்லையாம், பக்கத்துக் கட்டில்காரி பிற்பாடு சொன்னாள்.

அவன் கதவுக்கு வெளியிலேயே நின்றான். சந்திரா வந்து விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே தங்கை விசும்பும் சத்தம் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. அவளுக்கென்று பிறந்த வீட்டில் மிச்சம் இருக்கிற ஒரே உயிர் அவன். அதையும் பிள்ளை கொண்டுபோய்விடும் என்று ஒருத்தி சொன்னால் பெற்றவள் வயிறு எப்படி இருக்கும்? தனக்காக அவன் பயப்படவில்லை. அவளுக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பதினோரு நாள்தானே பாப்பா. பாக்கல. சத்தியமா பாக்கல."

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். உள்ரூம் திரைக்குப் பதிலாகச் சந்திராவின் பழைய புடவை ஒன்றைக் கனமாக இரண்டு மடிப்பு மடித்துக் கட்டினார்கள். அமிர்தலிங்கத்துக்குக் கூடம். சொந்த வீட்டில் அடுப்படிக்குப் போவதற்குக் கூட அவன் குரல் கொடுத்துவிட்டு, யாராவது பிள்ளையின் முகத்தை மூடிய பிறகு, தரையைப் பார்த்தபடி நடந்து போனான். அதற்குள் அவனுக்கு மருமகள் மேல் ஆசை வந்துவிட்டது. பார்க்காத முகத்தின் மேல் எப்படி ஆசை வரும் என்றெல்லாம் கேட்கக் கூடாது, வந்துவிட்டது.

சனியன் அழுகையில் வந்தது.

பிள்ளை பசிக்கு அழுதது, ஈரத்துக்கு அழுதது, சும்மாவும் அழுதது. அழுதால் முதலில் சிவந்தது. சிவப்பு ஏறி ஏறிக் கத்திரிப்பூ நிறத்துக்குப் போனது. உள்ளங்கையும் உள்ளங்காலும் நீலம் பாய்ந்தன. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு இவையெல்லாம் சத்தமாகத்தான் வந்து சேர்ந்தன.

"அண்ணி, கறுக்குது பாருங்க அண்ணி."

"ஆமாண்டி. ஐயோ, கையப் பாரேன், நவ்வாப்பழம் தின்ன மாதிரி இருக்கு."

"மூச்சு விடுதா?"

"விடுது, விடுது. இரு, இப்ப தெளியுது."

இப்படிக் கேட்டுக்கொண்டே ஒருத்தன் எப்படி உட்கார்ந்திருப்பது? எழுந்திருப்பான், திரை வரைக்கும் போவான், சத்தியம் ஞாபகம் வரும், திரும்பி வந்து உட்காருவான். சந்திராவுக்கும் தெரியாது, பெற்றவளுக்கும் தெரியாது. தெரிந்தவளாக இருந்த பவுனம்மாளோ எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தாள்.

"கொடி மாமனத் தேடுதுடி. தேடுறப்போ அப்படித்தான் கறுக்கும்."

அதைச் சொல்லிவிட்டு அவள் வெற்றிலை போடப் போய்விட்டாள். இளவேனிலுக்கு அன்றிலிருந்து பிள்ளையின் நிறமே அண்ணனின் ஆயுள் ஆகிப்போனது. பிள்ளை கறுத்தால் போனை எடுப்பாள். அவன் கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில் வலையை இழுத்துக்கொண்டிருப்பான்.

"அண்ணே, எங்கண்ணே இருக்க?"

"கடல்லதான் பாப்பா."

"அலை எப்படி இருக்கு?"

"அலையே இல்ல. புள்ள எப்படி இருக்கு?"

"இப்பதான் கறுத்துச்சு. நீ திரும்பிடுண்ணே."

அவள் அவனுக்காகப் பயந்தாள், அவன் பிள்ளைக்காகப் பயந்தான். படகில் மற்ற மூன்று பேரும் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நாலாம் நாள் கிராமச் செவிலியர் சிவப்ரியா வீடு தேடி வந்தாள். அந்த நேரம் பார்த்துப் பிள்ளை ரோஜாப்பூவாகத் தூங்கியது. எடை பார்த்து, தொப்புளைப் பார்த்து, ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டாள். இளவேனில் வாயைத் திறந்தாள். பவுனம்மாள் முந்திக்கொண்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றாள். நர்சிடம் போய்க் கொடி மாமனைத் தேடுகிறது என்று ஒரு பி.காம். படித்த பெண் எப்படிச் சொல்வாள்? அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஐந்தாம் நாள்தான் எல்லோருக்கும் நடுக்கம் எடுத்தது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். திடீரென்று கீழ்ப்பக்கம் முழுக்கச் சிவப்பு, மேல்பக்கம் முழுக்க வெள்ளை. நெற்றி நடுவிலிருந்து தொப்புள் வரை நூல் பிடித்துக் கோடு போட்ட மாதிரி இரண்டு நிறம். சந்திரா பவுனம்மாளைக் கத்திக் கூப்பிட்டாள். பவுனம்மாளுக்கும் இதற்குக் கையிருப்பில் பதில் இல்லை. ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"பாதி தேடி முடிச்சிடுச்சு" என்றாள்.

ஐந்து நிமிஷத்தில் கோடு மறைந்து, பிள்ளை பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. அதை யார் பார்த்தார்கள்? அந்த ஒரு சொல் வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. இளவேனில் அன்று ஒரு வாய் சோறு இறக்கவில்லை. அமிர்தலிங்கம் மறுநாள் படகுக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினான்.

அந்த மறுநாள், ஆறாம் நாள், இளவேனிலுக்குத் தையல் போட்ட இடத்தில் வலி தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று சந்திரா ஆட்டோ கூப்பிட்டாள். பிள்ளைக்குக் காற்று படக் கூடாது என்று பவுனம்மாள் சொன்னதால், வயிறு நிறையப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டுப் போனார்கள். காவலுக்குப் பவுனம்மாள். பத்து மணிக்குத் தெருக்கோடிக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று விட்டால் மறுநாள்தான்.

"தம்பி, ரெண்டே கொடம், புடிச்சிட்டு ஓடியாந்துர்றேன். நீ இஞ்ச இரு. திரையத் தொறந்துடாத."

அமிர்தலிங்கம் கூடத்தில் இஞ்சின் கார்ப்பரேட்டரைப் பிரித்துப் போட்டு மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். பவுனம்மாள் போய் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பிள்ளை விழித்துக்கொண்டது.

முதலில் முனகல். பிறகு விட்டு விட்டு நாலு கத்தல். பிறகு வீடே அதிரும் அழுகை. அவன் திரைக்கு வெளியே குந்தி உட்கார்ந்து அதனிடம் பேச்சுக் கொடுத்தான்.

"அம்மா வந்துருவாடா கண்ணு. மாமன் இங்கதான் இருக்கேன். உள்ள வரக் கூடாதுன்னு வச்சிருக்காங்க, நான் என்ன பண்றது சொல்லு."

அதற்கு அவன் நியாயம் புரியவில்லை. வாசலுக்கு ஓடிப் பவுனக்கா, பவுனக்கா என்று கூப்பிட்டான். குழாயடியில் யாரோ வரிசையில் புகுந்துவிட்டார்களாம், பவுனம்மாள் அங்கே நாலு பேரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். இவன் தொண்டை அங்கே எடுபடவில்லை. சந்திராவுக்குப் போன் போட்டான். மணி திரைக்குள்ளேயே அடித்தது, போனைத் துணிகளுக்கு அடியில் மறந்துவிட்டுப் போயிருந்தாள். இளவேனில் போனை எடுக்கவில்லை.

அப்போது அழுகை நின்றது.

பச்சைப் பிள்ளை முழு மூச்சையும் அழுது தீர்த்துவிட்டு அடுத்த மூச்சு இழுப்பதற்குள் ஒரு சின்ன இடைவெளி விழும். பிள்ளை வளர்த்த எல்லோருக்கும் அது தெரியும். அமிர்தலிங்கத்துக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? அவன் எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று. வீல் என்று மறுபடி அழுகை. உயிர் வந்தது. மறுபடி நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான்.

முட்டிபோட்டுத் தடவித் தடவிப் போய்ப் பிள்ளையைத் தொட்டான். கால் சில்லென்று இருந்தது. செத்த உடம்பு சில்லென்றுதான் இருக்கும் என்பது அவனுக்குப் பதினைந்து வயசிலிருந்து தெரியும். பிள்ளை உதைத்துக்கொண்டு மறுபடி வீறிட்டது. அது போதாதா ஒருத்தனுக்கு? போதவில்லை. நிறம் தெரிந்தாக வேண்டும். மூன்று நாளாக நிறம் நிறம் என்றே கேட்டுக் கேட்டு, நிறத்தைப் பார்க்காமல் பிள்ளை இருக்கிறதா போகிறதா என்று தீர்மானிக்க அவனால் முடியவில்லை. ஆனால் சத்தியம் இருக்கிறதே.

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. எண்ணெயில் பார்க்கலாம் என்றுதானே சொன்னார்கள். பதினோராம் நாள் பார்க்க வேண்டியதை ஆறாம் நாள் பார்த்தால் என்ன, நேராகப் பார்க்கவில்லை அல்லவா? நல்லெண்ணெய் அடுப்படியில் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இல்லை. கூடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இஞ்சினுக்கு ஊற்றும் டூ டி ஆயில் கேன் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தான் என்று ஒரு சோற்றுத் தட்டில் கடகடவென்று ஊற்றி உள்ளே கொண்டுபோனான்.

இஞ்சின்காரர்களுக்குத் தெரியும், அந்த ஆயிலுக்குச் சாயம் போட்டிருப்பார்கள். அவன் வாங்கியிருந்தது பச்சை கலந்த நீலம். தினமும் ஊற்றுகிறவன் அவன். அந்த நிமிஷம் அது அவன் புத்தியில் இல்லை.

கண்ணை மூடியபடி பிள்ளையின் நெஞ்சையும் தலையையும் உள்ளங்கையில் தாங்கித் தட்டுக்கு மேலே கவிழ்த்துப் பிடித்து, குனிந்து, தட்டை மட்டும் பார்க்கும்படி கண்ணைத் திறந்தான். எண்ணெய்க்குள் வாயைப் பிளந்துகொண்டு ஒரு முகம் தெரிந்தது. நெற்றி நீலம், கன்னம் நீலம், உதடு நீலம், திறந்த வாய்க்குள் நாக்கும் நீலம். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு ஓடினான்.

துணைச் சுகாதார நிலையம் மூன்று தெரு தள்ளி இருந்தது. சிவப்ரியா நோட்டில் என்னமோ எழுதிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் தடுக்கிச் சமாளித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தபடியே பிள்ளையை அவளிடம் நீட்டினான்.

"சிஸ்டர், நீலமாயிடுச்சு. நீலமாயிடுச்சு சிஸ்டர்."

அவள் பிள்ளையை வாங்கி மேசையில் கிடத்தி, துணியை விலக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். கீழுதட்டை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிள்ளை ஊரைக் கூட்டியது.

"அண்ணே, இது என்ன கால்ல பச்சையா? இஞ்சின் ஆயில் வாசம் வருது."

அவன் சொன்னான். மூச்சு வாங்க வாங்க, கொடி, பதினோரு நாள், பாதி சிவப்பு, பாதி வெள்ளை, தட்டு, டூ டி ஆயில் எல்லாவற்றையும் சொன்னான். சிவப்ரியா சிரிக்கவில்லை. பஞ்சை நனைத்துப் பிள்ளையின் குதிகாலில் இருந்த அவன் கைரேகையைத் துடைத்தாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லண்ணே. நல்லா இருக்கா. ஒங்க ஆயில்தான் நீலம். நாக்கப் பாருங்க, எவ்வளவு ரோஸா இருக்கு."

"நான் பாக்கக் கூடாது."

"சரி, கேளுங்க. வீல்னு கத்தறப்போ ரத்தம் மொகத்துக்கு ஏறும். செவக்கும், கத்திரிப்பூ மாதிரிகூட ஆவும். அழுகை நின்னா தெளிஞ்சிடும். கையும் காலும் மொதல் கொஞ்ச நாள் நீலமாத்தான் இருக்கும், குளுந்தும் இருக்கும், ரத்த ஓட்டம் இன்னும் பழகல. ஒரு பக்கமா படுத்தா பாதி செவப்பு, பாதி வெள்ளைன்னு சில புள்ளைங்களுக்கு வரும், கொஞ்ச நேரத்துல தானா போயிடும். இதெல்லாம் பச்சப் புள்ளைங்களுக்கு வழக்கம்தான்."

"அப்ப எது வழக்கம் இல்ல?"

"அது நல்ல கேள்வி. நாக்கும் உதட்டு உள்பக்கமும் நீலமாயிட்டா, அழுகை நின்னும் நீலம் போகலன்னா, மூச்சுக்கு நெஞ்சு குழி விழுந்தா, பால் குடிக்காம துவண்டு கெடந்தா, மஞ்ச பூத்தா, என்னையும் தேடாதீங்க, பவுனக்காவையும் கேக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரி." அவள் பிள்ளையை அவன் பக்கம் திருப்பினாள். "திரும்பிப் பாருங்கண்ணே. நான் வாயால சொன்னா நாளைக்குக் கொழம்பிடும். கண்ணால பாத்தா மறக்காது. ஒங்க வீட்ல ஒருத்தருக்காவது தெரியணும் இல்ல? நெசமாவே ஒரு நாள் நீலமானா யாரு கண்டுபுடிப்பா?"

அமிர்தலிங்கம் தடுப்பூசிப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் கேட்டது நியாயம். வீட்டில் மூன்று பெண்கள் அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், ஒருத்தருக்கும் பார்க்கத் தெரியவில்லை. சத்தியம் பெரிதா, பிள்ளை பெரிதா? அவன் திரும்பினான்.

அப்பா, என்ன ஒரு கோபம் அந்தப் பிள்ளைக்கு. முகம் கருஞ்சிவப்பு, நெற்றி நரம்பு புடைத்திருந்தது, கை இரண்டும் நீலமாக முஷ்டி பிடித்திருந்தன. வாய்க்குள் நாக்கு மட்டும் பூவிதழ் மாதிரி துடித்தது. மூச்சு நின்றது, ஒன்று, இரண்டு, இழுத்தது. கருமை வாயைச் சுற்றி முதலில் விலகியது, பிறகு கன்னம், பிறகு நெற்றி. சிவப்பு இறங்கி இளஞ்சிவப்பு ஆனது. தோலில் மெல்லிய வலைக்கண் மாதிரி ஒரு கோலம் தோன்றி அதுவும் மறைந்தது. கடைசியில் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது, அல்லது அவன் அப்படி எடுத்துக்கொண்டான். அவனுக்குக் கண்ணீர் கொட்டியது. வெட்கப்படாமல் அழுதான்.

ஆட்டோ வந்து நின்றது. அவன் ஓடியதைப் பார்த்துக் குழாயடியில் பவுனம்மாள் போட்ட கூச்சலில் விஷயம் தெரிந்து இளவேனிலும் சந்திராவும் நேராக இங்கேயே வந்திருந்தார்கள். இளவேனில் சுவரைப் பிடித்து நடந்து உள்ளே வந்தாள். பிள்ளை நன்றாக இருக்கிறது, நிறம் மாறுவதெல்லாம் வழக்கம்தான் என்று சிவப்ரியா மறுபடி ஒருதரம் சொன்னாள். இளவேனில் தலையாட்டினாள். அவள் கண் பிள்ளை மேல் இல்லை.

"பாத்தியாண்ணே?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நீங்கள் சொல்லியிருப்பீர்கள், யாரும் சொல்லியிருப்பார்கள். சுனாமிக்கு அப்புறம் நாலு மாதம் அவள் அம்மா வருவாளா என்று கேட்டபோதெல்லாம் வருவாள் என்று சொன்னவன் அவன். வரமாட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்த அன்றிலிருந்து ஒரு வாரம் அந்த ஐந்து வயசுப் பிள்ளை அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் அவளிடம் பொய் சொன்னதே இல்லை, எப்படிச் சொல்வது என்றும் மறந்துவிட்டது.

"பாத்துட்டேன் பாப்பா" என்றான்.

அவள் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது.

"கொடி சுத்திப் பொறக்குறது ரொம்ப சாதாரணம்" என்றாள் சிவப்ரியா. "அதனால ஒங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது."

"எழுதித் தருவீங்களா சிஸ்டர்?"

"எதை?"

"இவுரு நாளைக்குக் கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வருவாருன்னு."

சிவப்ரியா பிள்ளையைத் துணியில் சுற்றித் தந்தாள். பிள்ளையின் ஒவ்வொரு நிறத்துக்கும் அவளிடம் பதில் இருந்தது. இதற்கு யாரிடம் இருக்கிறது?

அன்று சாயங்காலத்துக்குள் பவுனம்மாளுக்கே பயம் பிடித்துவிட்டது. வெண்கலக் கிண்ணமும் நல்லெண்ணெயும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"இப்பவே ஊத்தி மொகத்தப் பாத்துடலாம்டி. எல்லாம் சரியாயிடும். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தன் இப்படித்தான் மொதல்லயே பாத்துட்டான், இப்ப மூணு படகு வாங்கி வச்சிருக்கான்."

"நீதானேக்கா சொன்ன, முன்னாடி பாத்துட்டா எண்ணெயும் வேலைக்காவாதுன்னு?"

"நான் ஏதோ வாய்க்கு வந்ததச் சொன்னேன்டி."

"இப்ப சொல்றதும் வாய்க்கு வந்ததுதானேக்கா."

பவுனம்மாள் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தான் போட்ட முடிச்சை அவளாலேயே அவிழ்க்க முடியவில்லை. சந்திரா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், போனில் அஷ்வினைக் கூப்பிட்டுப் பேச வைத்தாள். அவன் எங்கேயோ நடுக்கடலில் இருந்து இதெல்லாம் மூடநம்பிக்கை என்றான், லைன் அறுந்துவிட்டது. இளவேனில் எல்லோரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். பிள்ளை இனி அண்ணன் கண்ணில் படவே கூடாது என்று மாமியாருக்குப் போன் போட்டு, காலையில் ஆட்டோ அனுப்பச் சொன்னாள். மூன்றாம் மாசம் சீரோடு போக வேண்டியவள் ஏழாம் நாள் கிளம்பினாள்.

காலையில் துணி மூட்டையைச் சந்திரா அழுதுகொண்டே ஆட்டோவில் வைத்தாள். இளவேனில் பிள்ளையைத் துண்டால் தலையிலிருந்து கால்வரை மூடித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அமிர்தலிங்கம் வாசலில் நின்றான். ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

"போகாத பாப்பா."

"நீ இருக்கணும்ண்ணே" என்றாள். "இவள நீ பாக்காட்டியும் பரவால்ல. நீ எங்கயாவது உசுரோட இருக்கணும். எனக்கு அது போதும்."

"எத்தன நாளைக்கு?"

அவளுக்கு அது தெரியவில்லை. பவுனம்மாளுக்கும் தெரியாது. யாரும் அதற்கு ஒரு நாள் குறித்து வைக்கவில்லை.

"அழுது கறுத்தா பயந்துடாத" என்றான். "நாக்கப் பாரு. நாக்கு ரோஸா இருந்தா ஒண்ணும் இல்ல. நாக்கு நீலமானா ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடு."

"சரிண்ணே."

அவள் முதுகை இவன் பக்கம் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகம் அந்தப் பக்கம் இருக்கும்படி ஏறி உட்கார்ந்தாள். ஆட்டோ கிளம்பிய குலுக்கலில் பிள்ளை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது. அமிர்தலிங்கம் தெருவில் நாலு எட்டு கூடவே நடந்தான், பிறகு நின்றுவிட்டான். அழுகை ஏறிக்கொண்டே போனது. இப்போது சிவந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இன்னும் ஏறியது. இப்போது கத்திரிப்பூ நிறம், கை நீலம். சத்தம் அறுந்தது. ஒன்று, இரண்டு. மூச்சை இழுத்து மறுபடி வீறிட்டது. இனி வாயைச் சுற்றித் தெளியும், பிறகு கன்னம் தெளியும். ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. சத்தம் கேட்கவில்லை. அதற்கு மேல் பிள்ளை என்ன நிறத்தில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை.